துக்கத்துக்கு மூன்று நாள்

அப்பா இறந்தது செவ்வாய்க்கிழமை அதிகாலை நாலரை மணிக்கு, வள்ளியூர் பக்கத்தில் எங்கள் வீட்டில். எனக்கு அது இன்னும் திங்கட்கிழமை மாலை ஏழு மணி. நான் விமானப் பணிப்பெண். டொராண்டோவில் லேஓவர், அதாவது அடுத்த விமானத்தில் ஏறும் வரை அந்த ஊரில் தங்கல். இரவு விமானத்தில் வேலை இருந்ததால் திரைச்சீலையை இழுத்து மூடி, போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தபோது தம்பியிடமிருந்து பதினொரு மிஸ்டு கால். திரும்ப அழைத்தேன். "எக்கா, அப்பா போயிட்டாவ" என்றான். அதற்கு மேல் அவனாலும் பேச முடியவில்லை.

அன்றிரவு நான் சீருடை போட வேண்டியிருக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் எங்கள் பர்சர், அதாவது விமானப் பணியாளர்களின் தலைவர். கென்யாக்காரர், ஐம்பது வயது இருக்கும். என் அறைக்கு வந்து, என் பெட்டியை அவரே அடுக்கினார். நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் பிரிவுக்குப் போன் போட்டு, என்னைப் பயணியாகக் கூட்டிப்போக அனுமதி வாங்கினார். ஐம்பது இருக்கைக்கு ஒரு க்ரூ (விமானப் பணியாளர்) என்பது விமானம் புறப்பட இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கணக்கு. அன்றைக்கு அதற்கு மேல் ஆள் இருந்ததால் அது முடிந்தது. சரியாக அந்தக் கணக்கில் இருந்திருந்தால், நான் ட்ராலி தள்ளிக்கொண்டுதான் வந்திருப்பேன், அல்லது அடுத்த விமானம் வரை ஹோட்டல் அறையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பதின்மூன்று மணி நேரம். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் விமானத்தின் சமையலறையிலிருந்து மாறி மாறி டீ கொண்டுவந்தார்கள். அப்புறம் வளைகுடாவில் இறங்கி, அங்கிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து டாக்ஸி. வீட்டுக்குள் நுழைந்தபோது புதன்கிழமை காலை ஆறரை. அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். "மக வரட்டும்" என்று அம்மா ஊர்ப் பெரியவர்களிடம் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். வாய்க்கரிசி போட எனக்குக் கிடைத்தது. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன், கிடைக்காமல் போன க்ரூ எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

நான் வேலை செய்வது ஐக்கிய அரபு அமீரகத்தில் இருக்கிற ஒரு விமான நிறுவனத்தில். அங்கே 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டம் துக்க விடுப்பைச் சம்பளத்தோடு தருகிறது. கணவனோ மனைவியோ இறந்தால் ஐந்து நாள். அப்பா, அம்மா, பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை என்றால் மூன்று நாள். தனியார் நிறுவனங்கள் துக்க விடுப்பு தந்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் சட்டமே இல்லாதபோது இது நல்ல சட்டம்தான், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மூன்று நாள், இறந்த தேதியிலிருந்து எண்ணப்படுகிறது.

இறந்த தேதி செவ்வாய். அந்த நாள் முழுக்க நான் அட்லான்டிக்குக்கு மேலேயோ ஏதோ ஒரு விமான நிலையத்திலேயோ இருந்தேன். புதன் எரியூட்டினோம். வியாழன் பால் தெளித்தார்கள். அன்று இரவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசல் வரை வரக்கூடாது என்று பெரியம்மா தடுத்துவிட்டாள், அம்மா உள்ளேயிருந்தே அழுதாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு கேட்டேன். ரோஸ்டர் (யாருக்கு எந்த விமானம் என்ற பணி அட்டவணை) வந்தாகிவிட்டது, வருடாந்திர விடுப்புக்கு இடம் இல்லை என்றார்கள். என்னோடு ஃப்ளைட்டை மாற்றிக்கொள்ள மூன்று பேர் முன்வந்தார்கள். இரண்டு ஃப்ளைட்டுக்கு நடுவே இருக்க வேண்டிய ஓய்வு நேரக் கணக்கு இடித்ததால் மூன்றையும் சிஸ்டம் நிராகரித்தது.

கனடாவில் விமான நிறுவனங்கள் மத்திய அரசின் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தச் சட்டத்தில் நெருங்கிய குடும்பத்தினர் இறந்தால் பத்து நாள் வரை விடுப்பு. மூன்று மாதம் வேலை பார்த்திருந்தால் முதல் மூன்று நாளுக்குச் சம்பளமும் உண்டு. பத்து நாள் என்பதை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: அதை இரண்டாகப் பிரித்து எடுக்கலாம். இறந்த நாளிலிருந்து, கடைசி இறுதிச் சடங்கோ நினைவுச் சடங்கோ முடிந்து ஆறு வாரம் வரை எப்போது வேண்டுமானாலும். இதை எழுதியவருக்குப் பதினாறாம் நாள் காரியம் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் எழுதியதில் அதற்கு இடம் இருக்கிறது. நான் அழுதுகொண்டிருந்த அதே ஊரில், எனக்குப் பக்கத்து கேட்டில் நின்ற கனடா விமானத்தின் க்ரூவுக்கு அது இருந்தது.

திரும்பி வந்த பிறகு முதல் ஃப்ளைட். இறங்கும்போது ஜம்ப் சீட்டில் (க்ரூ உட்காரும் மடக்கு இருக்கை) கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு க்ரூவும் மனதுக்குள் ஓட்டிப்பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சைலன்ட் ரிவ்யூ என்போம். என் கதவு எது, வெளியே தீ இருந்தால் எந்தப் பக்கம், என்ன கட்டளை கத்த வேண்டும், யாரை உதவிக்குக் கூப்பிடலாம். முப்பது விநாடி வேலை. பாதிக் கதவுகளை மட்டும் வைத்து எல்லோரையும் தொண்ணூறு விநாடியில் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்த பிறகுதான் ஒரு விமான வகைக்குச் சான்றிதழே கொடுக்கிறார்கள். அந்தத் தொண்ணூறு விநாடிக்காகத்தான் நாங்கள் அங்கே இருக்கிறோம், சாப்பாடு கொடுப்பதற்காக அல்ல. அன்றைக்கு எனக்கு முதல் கட்டளையே ஞாபகம் வரவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடிதான் கண்ணில் நின்றது. சக்கரம் தரையைத் தொட்டது, ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை உடம்பு சரியில்லை என்று லீவு போட்டேன். வயிற்றுவலி என்று எழுதினேன். அப்பா ஞாபகம் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. விமானிகளுக்குப் பறக்கும் முன் தங்களையே சோதித்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கிற பட்டியலில் நோய், மருந்து, மது, களைப்பு இவற்றோடு மனநிலையும் சேர்ந்தே இருக்கிறது. அப்படியிருக்க, பொய் சொன்னால்தான் ஓய்வு கிடைக்கும் என்ற நிலையில் ஒரு க்ரூவை வைப்பது பயணிகளுக்கும் ஆபத்து.

நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். இரண்டே கோரிக்கை. லேஓவரில் இருப்பவருக்கு மூன்று நாள் கணக்கு சொந்த ஊரில் இறங்கிய பிறகு தொடங்கட்டும். காரியத்துக்கு ஒரு முறை திரும்பிப் போக, ரோஸ்டர் வந்த பிறகும் வழி இருக்கட்டும். கூட வேலை பார்க்கிற நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. க்ரூவின் பணிகளைக் கவனிக்கிற க்ரூ கன்ட்ரோல் அலுவலகத்தின் இருபத்துநான்கு மணி நேர எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, உங்கள் ஸ்டாஃப் நம்பரையும் சேர்த்து, வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். நீங்கள் தூங்கினாலும் அவர்கள் ஹோட்டலுக்குப் பேசி எழுப்புவார்கள். என் தம்பி நாற்பது நிமிடம் என் போனுக்கே அடித்துக்கொண்டிருந்தான். அந்த எண்ணை நான் அவனிடம் கொடுத்ததே இல்லை.