பி0131: ஆக்சிஜன் சென்சார் ஆய்வு நாட்குறிப்பு

ஜூன் 3

காலையில் செக் என்ஜின் விளக்கு எரியத் தொடங்கியது. ஸ்கேனரை இணைத்துப் பார்த்தபோது பி0131, பி0171 ஆகிய இரண்டு குறியீடுகள் பதிவாகியிருந்தன. பேங்க் 1-இன் முதல் ஆக்சிஜன் சென்சார் தரும் மின்னழுத்தம் தொடர்ந்து குறைவாக இருக்கிறது என்பது முன்னதன் பொருள். அதே பேங்கின் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பது பின்னதன் பொருள். முதல் சிலிண்டர் இருக்கும் பக்கமே பேங்க் 1. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதே முதல் சென்சார்.

இவ்விரண்டு குறியீடுகளும் சென்சார் பழுதாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனாலும், குறியீட்டின் விளக்கத்தில் சென்சாரின் பெயர் வந்துவிட்டாலே அதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுவது பரவலான வழக்கமாக இருக்கிறது. அதனால் நல்ல நிலையில் உள்ள சென்சார்கள் வீணாகின்றன. கோளாறோ இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது.

குறியீடு பதிவான கணத்தின் நிலவரத்தைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேம், குறியீட்டை அழித்தால் சேர்ந்தே அழிந்துவிடும் என்பதால், முதலில் அதை எழுதி வைத்துக்கொண்டேன். கூலன்ட் வெப்பநிலை 62 டிகிரி செல்சியஸ், வண்டி நின்றிருந்தது, என்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது, லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம் (காரின் கண்ட்ரோல் யூனிட் பெட்ரோல் அளவில் செய்துவரும் நீண்டகாலத் திருத்தம்) கூட்டல் 21 சதவீதம். என்ஜின் முழுச் சூட்டை எட்டும் முன்பே குறியீடு விழுந்திருக்கிறது.

ஜூன் 4

இன்றைய வேலை சென்சாரையும் அதன் வயரிங்கையும் சோதிப்பது. இந்தக் காரில் இருப்பது சிர்கோனியா வகை. புகையில் உள்ள ஆக்சிஜனுக்கும் வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜனுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து அது மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட்டும், அருகினால் 0.9 வோல்ட்டும் வரும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான எடை விகிதத்தில் அது 0.45 வோல்ட் அளவில் நிற்கும். 1976-இல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சார் என்ற ஆக்சிஜன் சென்சார் முதன்முதலாக இடம்பெற்ற காலத்திலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. எரிந்து முடிந்த புகையைக் கொண்டு அடுத்துச் செலுத்த வேண்டிய பெட்ரோலைத் திருத்தும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் அதனுள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றி, வயரிங் வரைபடத்தின்படி ஹீட்டருக்குரிய இரண்டு முனைகளுக்கிடையே மல்ட்டிமீட்டரை வைத்தபோது 9 ஓம் காட்டியது. ஹீட்டருக்கு பேட்டரி மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. கனெக்டர் கழன்றிருந்த நிலையில் ஸ்கேனரில் அளவு 0.45 வோல்ட்டுக்கு உயர்ந்தது. சிக்னல் வயர் எங்கேனும் உரசி பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது பூஜ்யத்தை ஒட்டியே கிடந்திருக்கும். ஆகவே வயரிங்கில் குறை இல்லை. கனெக்டரைத் திரும்ப மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடேறியதும் ஏர் இன்டேக்கில் சிறிதளவு புரொப்பேன் வாயுவைச் செலுத்தியபோது, அளவு உடனே 0.85 வோல்ட்டுக்குத் தாவியது. நிறுத்தியதும் தாமதமின்றி இறங்கியது. இவ்வளவு விரைவாக ஏறி இறங்கும் சென்சாரைக் குறை சொல்வதற்கு இடமில்லை.

ஜூன் 6

அப்படியானால் புகையில் ஆக்சிஜன் உண்மையாகவே மிகுதியாக இருக்கிறது; அது எங்கிருந்து வருகிறது என்பதே இனிக் கேள்வி. ஃபியூவல் ட்ரிம் ஐடிலில் மிக உயர்ந்தும், நிமிடத்துக்கு 2500 சுற்றுகளில் 6 சதவீதமாகக் குறைந்தும் இருக்கிறது. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால், என்ஜினின் பளு கூடக் கூட ட்ரிம் ஏறியிருக்க வேண்டும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. ஆகவே, இன்டேக் பக்கத்தில் காற்று கசிந்து உள்ளே போகிறது, அல்லது சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது என்ற இரண்டு வாய்ப்புகளே மிஞ்சுகின்றன. ட்ரிம் எண்களை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது.

பிரித்துக் காட்டியவை ஸ்பார்க் பிளக்குகள். இன்டேக் கசிவானால் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் குறைந்து, பிளக் முனைகள் வெளிறிப்போயிருக்கும். நான் கழற்றிய பிளக்குகள் அனைத்திலும் கரும்புகைக் கரி படிந்திருந்தது. சென்சார் பெட்ரோல் போதவில்லை என்கிறது. பிளக்குகள் பெட்ரோல் மிகுதி என்கின்றன. இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமென்றால், எரிந்து முடிந்த பிறகே காற்று சேர்ந்திருக்க வேண்டும். ஐடிலில் புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் குழாயினுள் அழுத்தம் சற்றுத் தாழ்ந்து, சிறு இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்றை இழுத்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜனைக் கண்டு கண்ட்ரோல் யூனிட் தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது.

ஜூன் 7

என்ஜின் குளிர்ந்திருந்த அதிகாலையில், சைலன்சர் முனை வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் மேனிஃபோல்டின் இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தேன். சிலிண்டர் ஹெட்டோடு மேனிஃபோல்ட் சேரும் இடத்தில், மூன்றாவது சிலிண்டரின் அடியில், குமிழிகள் இடைவிடாமல் எழுந்தன. ஹீட் ஷீல்டைக் கழற்றியதும் அதே இடத்தில் கரிக்கோடு தெரிந்தது. சூடேறினால் உலோகம் விரிந்து இந்த இடுக்கு பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. 62 டிகிரியில் குறியீடு விழுந்ததற்கும், சூடான என்ஜினில் சத்தம் எதுவும் கேட்காததற்கும் காரணம் இதுதான்.

ஜூன் 9

மேனிஃபோல்டைக் கழற்றி, அதன் முகப்பு வளையாமல் இருப்பதை நேர்விளிம்பு வைத்துச் சரிபார்த்து, இணைப்பின் இடுக்கை அடைக்கும் புதிய கேஸ்கெட்டைப் பொருத்தினேன். சிலிகான் பசை எதையும் தடவவில்லை. அதன் ஆவி சென்சாரின் முனையில் படிந்து அதைக் கெடுத்துவிடும். பிளக்குகளையும் மாற்றி, குறியீடுகளை அழித்தேன்.

ஜூன் 14

குளிர்ந்த நிலையில் ஐடிலில் ட்ரிம் கூட்டல் 2 சதவீதம். பழைய சென்சாரே 0.1-க்கும் 0.9-க்கும் இடையே சீராக ஏறி இறங்குகிறது. ஆக்சிஜன் சென்சார், ஹீட்டர் ஆகிய இரண்டின் தற்சோதனைகளும் முடிந்து, எந்தக் குறியீடும் திரும்பவில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சோதனை மட்டும் இன்னும் முடியவில்லை. மிகுதிப் பெட்ரோல் அதை அளவுக்கு மீறிச் சூடாக்கியிருக்கக்கூடும் என்பதால், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டி அந்தச் சோதனை முடியும்வரை கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று சொல்லும் பி0420 குறியீடு விழுகிறதா என்று கவனிப்பேன்.