வெள்ளிக்கிழமை எண்

2018 ஜூனில் தத்தெடுப்புக்குப் பதிவு செய்தபோது, ஒரு வருஷத்தில் குழந்தை வீட்டில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஏழு வருஷம் ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று அலைந்தவளுக்கு இனிக் காத்திருக்க என்ன பாக்கி என்று ஒரு கணக்கு.

பதிவெல்லாம் மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில்தான். பான் கார்டு, வருமானச் சான்று, மருத்துவச் சான்று என்று ஏற்றி முடித்ததும் வீட்டு ஆய்வுக்கு ஒரு சமூகப் பணியாளர் வந்தார். நான் வீட்டைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அத்தையிடம், "குழந்தை யார் சாயல்னு ஊர்ல கேட்டா என்னம்மா சொல்வீங்க?" என்றார். அத்தை கொஞ்சம் யோசித்து, "எம் மகனே என் சாயல்ல இல்லையே" என்றார்.

அப்புறம் வரிசை எண். நாம் எத்தனையாவது ஆள் என்று தளத்தில் பார்க்கலாம். பல் துலக்கும் முன்பே பார்ப்பேன். சில மாதம் நகரும், சில மாதம் அசையாது. கொரோனா காலத்தில் அதைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்தது. "பொறுமையா இரு" என்று யாராவது சொன்னால் எரிச்சலாக வரும். சொன்னவர் யாரும் வரிசையில் இல்லையே. கடைசியில் என் கணவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் காட்டுவேன் என்றார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தையல் மெஷினைத் துடைத்து எடுத்தேன்.

கந்த சஷ்டி வந்தால் அத்தை ஆறு நாளும் விரதம். சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்களே, அகப்பை என்றால் கருப்பை என்று. அதை நம்பி நானும் வருஷா வருஷம் இருந்து பார்த்து, முருகனோடு பேச்சையே நிறுத்தியிருந்தேன். அத்தை வற்புறுத்தவில்லை. "நீ கோவமாவே இரு. உனக்கும் சேர்த்து நான் இருக்கேன்" என்றார்.

2021 ஆகஸ்டில் மாமா தவறிவிட்டார். கிராமத்தில் காரியங்கள் முடிந்து, நான்காம் நாள் போனை எடுத்தால் தளத்திலிருந்து குறுஞ்செய்தி. ஒரு குழந்தையின் விவரம் வந்திருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் நமக்கென்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நேரம் தாண்டியிருந்தது. மொத்தம் தரும் மூன்று வாய்ப்பில் ஒன்று போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முருகனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எத்தனையோ வருஷம் கழித்து அவரோடு பேசியது அப்போதுதான்.

2022 ஜனவரியில் அடுத்த குழந்தையின் விவரம் வந்தது. ஆந்திராவில் ஒரு காப்பகம், பெண் குழந்தை, ஒரு வயது நான்கு மாதம். மருத்துவ அறிக்கையைத் தெரிந்த டாக்டரிடம் காட்டிவிட்டு அன்றைக்கே எங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டோம்.

நேரில் போனபோது கையை நீட்டி "வா, வா" என்றேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்திலிருந்த ஆயா சிரித்துவிட்டு, "தா, தா" என்றார். தளர்நடை போட்டு அவரிடம் வந்துவிட்டாள். தெலுங்கில் குழந்தையைக் கூப்பிட்டு 'தா' என்றால் 'வா' என்று அர்த்தமாம். என் கணவர் என்னைப் பார்த்து, "இத்தனை வருஷமா நாம சாமிகிட்ட சொன்னதும் அதைத்தானே" என்றார். நானும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. மூன்றாம் முறை வந்தாள்.

தத்து உத்தரவு வரும்வரை நாமே வளர்க்கும் முன் தத்தெடுப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டில் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். உத்தரவுக்காகக் கோர்ட்டில் மனு இருந்தபோதே சட்டம் மாறியது. 2022 செப்டம்பர் 1 முதல் தத்து உத்தரவு போடுவது மாவட்ட ஆட்சியர் என்று ஆகிவிட, எங்கள் கோப்பும் அங்கே போனது. மறுபடி காத்திருப்பு. இந்த முறை யாரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவளுக்குச் சோறூட்டி முடிக்கவே மத்தியானம் ஆகிவிடும்.

உத்தரவு வந்த அன்று அத்தை அதை வாங்கிச் சாமி படத்தடியில் வைத்தார். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, குட்டியும் அவரை "அத்தே" என்றுதான் கூப்பிடுகிறாள். அவர் திருத்துவதே இல்லை.