சிகிச்சை முடிந்த பிறகு இதயத்துக்கான பரிசோதனை

இடப்பக்க மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்து, மேமோகிராம் முடிவைக் கேட்கப் போயிருந்தபோது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று மருத்துவரிடம் சொன்னேன். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், அவர் என் பழைய சிகிச்சைக் குறிப்புகளைப் பார்த்து இதய நிபுணரிடம் அனுப்பிவைத்தார்.

ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை எடுக்க இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அறுவை நடந்த பக்கமும் அதுவே என்பதால், ஜெல் தடவிய கருவியைத் தழும்பை ஒட்டி அழுத்தியபோது வலித்தது. சொன்னவுடன் எக்கோ எடுத்த பெண் கோணத்தை மாற்றிக்கொண்டார். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. இதயத்தில் நிரம்பும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றப்படும் பங்கு பெண்களுக்கு இயல்பாக 54 விழுக்காட்டிலிருந்து தொடங்கும் என்றும், எனக்கு அது அதற்குச் சற்றுக் கீழே இருப்பதாகவும் நிபுணர் விளக்கி, குறைந்த அளவில் மாத்திரை தொடங்கினார்.

அதன்பின் தாதியிடம் பெற்ற ஆலோசனைதான் எனக்குப் பெரிதும் உதவியது. கீமோவில் ஏற்றிய சிவப்பு மருந்தான டாக்சோரூபிசினின் மொத்த அளவு கூடக்கூட இதயத் தசை பலவீனமாகும் வாய்ப்பும் கூடும் என்றும், அது பல ஆண்டுகள் கழித்தும் தெரியவரலாம் என்றும், ஹெர்செப்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தால் வரும் பாதிப்போ பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் சரியாகும் என்றும் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஹெர்செப்டின் போட்டுக்கொண்ட ஓராண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்தார்கள். மருந்து நின்றதும் அதுவும் நின்றுபோனது. இடப்பக்கக் கதிரியக்கம் இதய இரத்தக் குழாய்களையும் பாதிக்கக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். "நெஞ்சு வலிச்சாத்தான் வரணும்னு இல்லைக்கா, கால் வீங்கினாலும், படுத்தா மூச்சு முட்டினாலும் உடனே வாங்க" என்றார்.

சிங்கப்பூரில் நம் இந்தியர்களிடையே நீரிழிவும் மாரடைப்பும் ஏற்கெனவே அதிகம். ஆகவே பலதுறை மருந்தகத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்கும்போதே புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றதையும் அங்கே சொல்லிவிட வேண்டும். வந்த நோய் போதாதா, இன்னொன்றையும் ஏன் தேட வேண்டும் என்று தயங்கும் சகோதரிகளை நான் நன்கு அறிவேன். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிரியக்கம் எந்தப் பக்கம் என்ற விவரங்களைப் புற்றுநோய் மருத்துவரிடம் எழுதி வாங்கி, அடுத்த எக்கோ எப்போது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.