கலக்கும் முன் அளக்க வேண்டும்: எரிபொருள் கிடங்கிலிருந்து ஆற்றுக்குப் போகும் இரண்டு தண்ணீர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரை ஒட்டி ஓடும் செல்சீ ஆற்றின் கரையில் எரிபொருள் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. பெட்ரோல், டீசல், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய், விமான எரிபொருள் எல்லாம் அங்கே கப்பலில் வந்து இறங்கி, டேங்கில் தங்கி, பிறகு ஊருக்குள் போகின்றன. இப்படிப்பட்ட ஒரு கிடங்கிலிருந்து ஆற்றுக்கு இரண்டு வகைத் தண்ணீர் போகும். ஒன்று, தளத்தின் மேல் விழுந்து ஓடும் மழைநீர். மற்றொன்று, பழைய கசிவுகளால் கெட்டுப்போன நிலத்தடி நீர். அதைப் பம்ப் வைத்து எடுத்துச் சுத்தம் செய்து விடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே குழாய் வாயில்தான் ஆற்றில் விழுகின்றன. இவற்றைக் கட்டுப்படுத்தும் அனுமதியில் முக்கியமான வரி எதுவென்று கேட்டால், மாதிரியை எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று சொல்லும் வரிதான்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. சுத்திகரித்த நிலத்தடி நீர் நிமிடத்துக்கு 40 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். நாளைக்கு ஏறக்குறைய 58 கனமீட்டர். மாசை ஒட்டிப் பிடிக்கும் கார்பன் தொட்டி தீர்ந்துபோய், அந்த நீரில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் பென்சீன் (பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருள்) இருக்கிறது. அனுமதித்த வரம்பு 5. பத்து மடங்கு மீறல். அன்றைக்கு 50 மில்லிமீட்டர் மழை. 2 ஹெக்டேர் கான்கிரீட் தளத்திலிருந்து 1,000 கனமீட்டர் தண்ணீர் அதே குழாயில் சேர்கிறது. கடைசி வாயில் அளந்தால் பென்சீன் 2.7 மைக்ரோகிராம். தாளில் எல்லாம் சரி. ஆற்றில் விழுந்த பென்சீனில் ஒரு துளியும் குறையவில்லை. கார்பன் தீர்ந்தது யாருக்கும் தெரியாமலே அடுத்த மாதமும் ஓடும்.

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின்படி, ஒரு குழாய் வழியாக ஆற்றில் மாசு விட அனுமதி வேண்டும். 1987 திருத்தம் தொழிற்சாலை மழைநீரையும் இந்த வலைக்குள் கொண்டுவந்தது. பெரும்பாலான மாநிலங்கள் தாங்களே அனுமதி எழுதுகின்றன. மாசசூசெட்ஸில் எழுதுவது மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமையான இ.பி.ஏ. கடைசி வாயில் அளப்பது பொருளில்லாமல் போகும் இடங்களில், உள்ளே ஓடும் கிளைக் குழாயிலேயே வரம்பு வைக்கலாம் என்று மத்திய விதி 122.45(எச்) சொல்கிறது. கார்பன் தொட்டிக்குப் பின்னால், மழைநீர்க் குழாயில் சேர்வதற்கு முன்னால் ஒரு மாதிரிக் குழாயைப் பொருத்தச் சொல்வது இந்த விதியின் பலத்தில்தான்.

நிலத்தடி நீருக்கான வரம்புகள் எப்படி இருக்கும் என்பதற்கு, மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் மண் சீரமைப்பு வேலைகளுக்கென இ.பி.ஏ. 2005 முதல் வெளியிட்டுவரும் பொது அனுமதி நல்ல அளவுகோல். பென்சீன் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். இது அமெரிக்கக் குடிநீர் வரம்பும்கூட. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும் சேர்ந்து 100 மைக்ரோகிராம். மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் 5 மில்லிகிராம். மழைநீரில் எண்ணெய்-கிரீஸுக்கு வழக்கமாக 15 மில்லிகிராம் வைக்கிறார்கள். 15 மில்லிகிராம் என்றால் 15,000 மைக்ரோகிராம். பென்சீன் வரம்பைப்போல 3,000 மடங்கு. ஆகவே எண்ணெய்-கிரீஸ் தேறிவிட்டது என்பதால் பென்சீனும் தேறியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளவே முடியாது.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. எண்ணெய்-கிரீஸ் பரிசோதனையில் தண்ணீரை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் குலுக்கிப் பிரித்து, ஹெக்ஸேனைச் சூடாக்கி ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுக்கிறார்கள். அந்தச் சூட்டில் பெட்ரோலின் பெரும்பகுதியும் ஆவியாகிப் போய்விடும். டீசலிலும் ஒரு பங்கு போகும். பெட்ரோல் மட்டுமே கையாளும் கிடங்கில் இந்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து அனுமதி எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு காவல் காப்பது போல. அங்கே பென்சீனைத் தனியாக அளந்தே ஆக வேண்டும்.

இனி சுத்திகரிப்பு. கிணற்றிலிருந்து வரும் நீர் முதலில் ஒரு சமநிலைத் தொட்டிக்கு வரும், மிதக்கும் எண்ணெய் அங்கே பிரியும், பிறகு பை வடிகட்டி, அதன்பின் வரிசையாக இரண்டு கார்பன் தொட்டிகள். நீர் கார்பனோடு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் அளவை முடிவு செய்கிறது. 15 நிமிடம் என்று எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 40 லிட்டர் ஓட்டத்துக்கு ஒரு தொட்டியில் 600 லிட்டர் கார்பன் வேண்டும், சுமார் 300 கிலோ. மாதிரி மூன்று இடத்தில் எடுக்க வேண்டும்: முதல் தொட்டிக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின். நடு மாதிரியில் பென்சீன் தலைகாட்டியதும் முதல் தொட்டியின் கார்பனை மாற்ற வேண்டும். கடைசி மாதிரியில் தெரியும்வரை காத்திருந்தால் மீறல் ஏற்கெனவே நடந்துவிட்டது என்று பொருள். லேப் முடிவு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. முதல் தொட்டியில் புதுக் கார்பனைப் போட்டுவிட்டு, குழாய் இணைப்பை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது பாதி தீர்ந்த இரண்டாவது தொட்டிதான் கடைசிக் காவலாக நிற்கும். வால்வுகளைத் திருப்பி, பழைய இரண்டாவதை முதலாவதாக்கி, புதுக் கார்பனைக் கடைசியில் நிறுத்த வேண்டும். கார்பன் ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பதை விட்டுவிடவும் செய்யும். அதிக ஒட்டும் தன்மையுள்ள கனமான ஹைட்ரோகார்பன்கள் பின்னாலிருந்து வரும்போது பென்சீனை இடம்பெயர்த்துத் தள்ளும். சில நாட்களில் உள்ளே போவதைவிட வெளியே வருவது கூடுதலாக இருப்பது அதனால்தான். பழைய பெட்ரோலில் கலந்த எம்.டி.பி.இ. என்ற கூட்டுப்பொருள் கார்பனில் சரியாக ஒட்டாது. பென்சீனுக்கு மிக முன்பே வெளியே வந்துவிடும். பழைய கசிவு உள்ள இடமென்றால் கார்பன் மாற்றும் தேதியை அதை வைத்துத்தான் குறிக்க வேண்டும்.

புதுக் கார்பன் போட்ட முதல் நாள் பி.ஹெச். 9ஐத் தாண்டலாம். கடல்நீர் ஏறி இறங்கும் செல்சீ ஆற்றில் பி.ஹெச். 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும். கார்பனை ஒரு நாள் ஊறவைத்து, கீழிருந்து மேலாகக் கழுவி, முதலில் வரும் நீரை ஆற்றுக்கு விடாமல் சமநிலைத் தொட்டிக்கே திருப்பினால் பிரச்சினை தீரும். இதற்கான திருப்புக் குழாய் வடிவமைப்பிலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்று விட்ட இடங்களில்தான் தொடக்க நாளே மீறலாகப் பதிவாகும்.

கார்பனைவிட அதிகம் தொல்லை தருவது இரும்பு. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, இரும்பு கரைந்து நீரில் இறங்கிவிடுகிறது. கிணற்றுநீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். மூடியைத் திறந்து அரை மணி நேரம் வைத்தால் கலங்கி, மஞ்சளாகி, அடியில் துருப்பிடித்த பஞ்சுபோலப் படியும். அதே படிவு பை வடிகட்டியிலும் கார்பன் துகள்களின் மேலும் உட்காரும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி வைத்து, வித்தியாசம் ஏறுவதைத் தினமும் குறிக்க வேண்டும். இரும்பு அதிகமென்றால் முன்கூட்டியே காற்றூட்டிப் படியவிடுவது நல்லது. இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் ரசாயனம் ஊற்றுவது சுலபம்தான். ஆனால் அதுவும் ஆற்றுக்குப் போகும் பொருள். அனுமதி எழுதும் அலுவலகத்துக்குச் சொல்லாமல் ஊற்றக் கூடாது.

மாதிரி எடுப்பதில் கை சுத்தமாக இல்லையென்றால் இத்தனையும் வீண். பென்சீனுக்கு 40 மில்லிலிட்டர் சிறு குப்பி, உள்ளே ஏற்கெனவே சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். குப்பியைச் சாய்த்து, சுவரோரமாக நீரை மெல்ல விட்டு, வாயில் நீர் குவிந்து மேடாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். வழியவிட்டால் அமிலம் போய்விடும். மூடியைச் சாய்க்காமல் மேலிருந்து வைத்துத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பட்டாணியைவிடப் பெரிய குமிழி ஏறி வந்தால் அந்தக் குப்பி கழிக்க வேண்டியதுதான்; பென்சீன் அந்தக் காற்றுக்குள் போய்விடும். ஐஸில் வைத்து 14 நாளுக்குள் பரிசோதித்துவிட வேண்டும். நாள் முழுக்க ஒரு வாளியில் சேர்த்து எடுக்கும் மாதிரி பென்சீனுக்கு உதவாது. எண்ணெய்-கிரீஸுக்கு 1 லிட்டர் கண்ணாடி பாட்டிலில் நேரடியாகப் பிடிக்க வேண்டும். அந்த நீரால் பாட்டிலை அலசக் கூடாது, வேறு பாத்திரத்திலிருந்து மாற்றி ஊற்றவும் கூடாது. எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

மழைநீருக்கு வருவோம். டேங்கைச் சுற்றிய மண்மேட்டுக்குள் விழும் மழை, வால்வு திறந்தால்தான் வெளியேறும். அந்த வால்வு மூடி, பூட்டி இருக்க வேண்டும். திறக்கும் முன் ஆள் இறங்கி நீர்ப்பரப்பைப் பார்க்க வேண்டும். முடியும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். திறந்த நேரம், மூடிய நேரம் பதிவேட்டில் ஏற வேண்டும். இந்த வால்வைத் திறந்தே விட்டுவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. டேங்க் உடைந்தால் எண்ணெய் போகும் வழி அதுதான் என்பது அன்றைக்கு நினைவுக்கு வருவதில்லை.

நீர்மேல் பளபளப்பு தெரிந்தால் எண்ணெயா, இரும்பு பாக்டீரியாவா என்று ஒரு குச்சியால் கிளறிப் பார்க்கலாம். பாக்டீரியாப் படலம் கண்ணாடித் துண்டுகள்போல உடைந்து தனித்தனியாக நிற்கும். எண்ணெய் குச்சியைச் சுற்றி மீண்டும் கூடிவிடும். வெள்ளி நிறப் பளபளப்பின் தடிமன் 0.3 மைக்ரானுக்குள்தான். அந்தத் தடிமனில் 1 லிட்டர் எண்ணெய் 3,300 சதுரமீட்டர் பரப்பை மூடும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதன் அளவு கொஞ்சமாகவே இருக்கலாம். ஆனாலும் பளபளப்பு தெரிந்தாலே மீறல் என்று அமெரிக்க விதி சொல்வது நியாயமானது. கருவி இல்லாமல், கரையில் நிற்கும் யாரும் பார்க்கக்கூடிய அளவீடு அது ஒன்றுதான்.

தளத்தின் நீர் எண்ணெய்-நீர் பிரிப்பான் தொட்டி வழியாகப் போகும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏ.பி.ஐ.) பழைய வகைத் தொட்டி 150 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துளிகளுக்காக வடிவமைத்தது. டீசல் அடர்த்தியில் அந்தத் துளி 1 மீட்டர் ஏற 9 நிமிடம் போதும். 20 மைக்ரான் துளிக்கு எட்டரை மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில் நீர் 5 டிகிரிக்கு இறங்கினால் எல்லாமே ஒன்றரை மடங்கு மெதுவாகும். கரைந்த பென்சீனைப் பிரிப்பான் தொடவே தொடாது. மேலே சொன்ன 1,000 கனமீட்டரை மணிக்கு 60 கனமீட்டர் திறனுள்ள தொட்டியில் விட 17 மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாகத் திறந்தால் அடியிலுள்ள சேறும் மேலே தேங்கிய எண்ணெயும் சேர்ந்தே ஆற்றுக்குப் போகும். மண்மேட்டுக்குள் தேக்கிவைத்து மெதுவாக விடுவதுதான் வழி. எண்ணெயும் நீரும் சந்திக்கும் மட்டத்தை, பங்க் டேங்கில் பார்ப்பதுபோல டிப் ராடில், நீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் ஃபைண்டிங் பேஸ்ட் தடவிப் பார்க்கலாம்.

பிரிப்பானுக்குள் வரவே கூடாதவை மூன்று. டேங்க் அடியில் சேரும் நீர்; அதில் பென்சீன் நிறைந்திருக்கும், தனி லாரியில் போக வேண்டியது. தரை கழுவும் சோப்பு. தீயணைப்பு நுரை. சோப்பும் நுரையும் எண்ணெயைப் பொடித் துளிகளாக்கிவிடுவதால் பிரிப்பான் வேலையே செய்யாது. பழைய நுரைகளில் பி.எஃப்.ஏ.எஸ். என்ற அழியாத ஃப்ளோரின் சேர்மங்களும் உண்டு. அனுமதிகளில் இவற்றையும் அளக்கச் சொல்லுமாறு 2022 டிசம்பரில் இ.பி.ஏ. மாநிலங்களுக்கு எழுதியது. சிறு சங்கிலிச் சேர்மங்கள் கார்பனைச் சீக்கிரமே கடந்துவிடும் என்பதால், அந்த நிபந்தனை அனுமதியில் வந்தால் கார்பன் மாற்றும் அட்டவணையையே திரும்பப் போட வேண்டியிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய், மீனவர்களின் படகிலும் வலையிலும் அலையாத்தி வேர்களிலும் ஒட்டியது. நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு இந்தியப் பொதுத் தரம் எண்ணெய்-கிரீஸ் 10 மில்லிகிராம், பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 5. எண் கடுமையானதுதான். வெள்ளம் பிரிப்பானின் திறனைத் தாண்டும் நாளில் தண்ணீரை எங்கே தேக்குவது என்பதையும் அனுமதி எழுதிவைக்க வேண்டும்.

அமெரிக்க அனுமதிக்கு ஆயுள் 5 ஆண்டு. காலாவதிக்கு 180 நாள் முன்னால் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், புதியது வரும்வரை பழையதே நீடிக்கும். புதியதன் வரைவு வெளியானதும் குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துச் சொல்லலாம். அந்த வரைவில் குழாய் வரைபடத்தைத்தான் முதலில் எடுங்கள். கார்பன் தொட்டியிலிருந்து வரும் கோடு மழைநீர்க் கோட்டோடு சேரும் புள்ளியைத் தேடி, மாதிரி இடம் அந்தப் புள்ளிக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இருந்தால், மாற்றச் சொல்லி அந்த 30 நாளுக்குள் எழுதுங்கள்.