ஜூமைத் திருகினால் ஷட்டர் ஏன் குறைகிறது?

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நாமே முடிவு செய்யும் ஷட்டர் பிரயாரிட்டி மோடில் 1/1000 நொடி என்று வைத்துவிட்டால் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் கேமரா அதில் கை வைக்கக் கூடாது. லென்ஸ் திறப்பின் அளவை, அதாவது அபெர்ச்சரை, அது பார்த்துக்கொள்ளட்டும், ஷட்டர் என் பொறுப்பு. இதற்காகத்தானே அந்த மோடே இருக்கிறது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் குளத்தில் காலை வெளிச்சத்தில் எடுத்த ஆலாப் பறவைப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பாதிக்குப் பாதி இறக்கை நுனி கலங்கியிருக்கிறது. ஃபோகஸ் தப்பவில்லை, கண் கூர்மையாகத்தான் விழுந்திருக்கிறது, இறக்கை மட்டும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சரி என்று, ஒவ்வொரு படத்தோடும் கேமரா பதிந்து வைக்கும் எக்ஸிஃப் தகவலைத் திறந்தால் 1/1000, 1/800, 1/500, மறுபடி 1/1000, 1/640 என்று என்னென்னவோ எண்கள். நான் டயலைத் தொடவே இல்லை.

கேமரா இரண்டாம் கையாக வாங்கிய பழைய டிஎஸ்எல்ஆர். முன்பு மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீடுகளில் ஓடிய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்). லென்ஸ் 70–300, எஃப் 4 முதல் 5.6 வரை உள்ள சாதாரண ஜூம், அதாவது ஜூமை நீட்ட நீட்ட அதன் முழுத் திறப்பே எஃப் 4-இலிருந்து 5.6-க்குச் சுருங்கிவிடும். பழைய சென்சாரில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) ஏற ஏறப் புள்ளி புள்ளியாக வரும் என்பதால் ஆட்டோ ஐஎஸ்ஓ போடாமல் 800-இல் நிறுத்தி வைத்திருந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

கூட வரும் நண்பன் கேட்டதுமே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "எடே, லென்ஸ் காண்டாக்ட்ல உப்பு புடிச்சிருக்கும். முட்டத்துல பாறை மேல நின்னு அலை எடுத்தேல்லா, அந்தக் காத்து சும்மா விடுமா?" நம்மூர்க் கடற்கரைக்குக் கேமராவைக் கொண்டுபோகும் எவருக்கும் முதலில் தோன்றுவது உப்புதான். லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளும் பின்பக்க உலோகப் புள்ளிகளை மைக்ரோ ஃபைபர் துணியால் துடைத்தேன். துணியில் லேசாகக் கறுப்புப் படிந்ததே தவிர ஷட்டர் எண் அப்படியேதான் குதித்தது.

அப்புறம் பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். ஷட்டர் யூனிட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் இதே மாதிரி இன்னொரு பாடியே வாங்கிவிடலாம். பணத்தை விட்டாலும் அந்தக் காரணம் எனக்குப் பொருந்தவில்லை. எக்ஸிஃபில் பதிவாவது கேமரா ஷட்டருக்குக் கொடுத்த உத்தரவு. திரை உண்மையில் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை அது அளப்பதில்லை. திரை தேய்ந்து மெதுவாக ஓடினாலும் எக்ஸிஃபில் 1/1000 என்றுதான் இருக்கும், படம்தான் கூடுதல் வெளிச்சமாகவோ ஒரு ஓரம் இருண்டோ வரும். என் விஷயத்தில் எண்ணே மாறுகிறது. அப்படியானால் யாரோ உத்தரவையே மாற்றிக் கொடுக்கிறார்கள். கோளாறு இயந்திரத்தில் இல்லை, கணக்குப் போடும் இடத்தில் இருக்கிறது.

இங்கேதான் எக்ஸிஃப்டூல் உதவியது. இலவச மென்பொருள், ஒரு ஃபோல்டரில் உள்ள மொத்தப் படங்களின் விவரங்களையும் ஒரே பட்டியலாகக் கொட்டித் தரும். ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃபோகல் லெங்த் நான்கை மட்டும் எடுத்து எக்செலில் போட்டேன். எடுத்த நேரப்படி பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. ஃபோகல் லெங்த் வாரியாக அடுக்கிப் பார்த்ததும் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். 70 மி.மீ. பக்கம் எடுத்தவை பெரும்பாலும் 1/1000. ஜூம் கூடக் கூட 1/800, 1/640. 300-இல் எடுத்தவை கிட்டத்தட்ட எல்லாமே 1/500 பக்கம். அபெர்ச்சர் பத்தியைப் பார்த்தால் எஃப் 4, 4.5, 5, 5.6. வெளிச்சம் பாதியாகக் குறைவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். லென்ஸ் மூன்றில் ஒரு ஸ்டாப் மூடினால் ஷட்டரும் மூன்றில் ஒரு ஸ்டாப் இறங்குகிறது, இரண்டும் கைகோத்துப் போகின்றன. உப்பு பிடித்த காண்டாக்ட் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் போடாது.

வீட்டில் வைத்தும் உறுதிப்படுத்தினேன். பகல் வெளிச்சத்தில் முற்றத்துச் சுவரைப் பார்க்க ட்ரைபாடில் நிறுத்தினேன். டியூப்லைட், எல்ஈடி வெளிச்சத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், வெளிச்சம் அளக்கும் மீட்டரே தடுமாறிவிட்டால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. ஷட்டரை 1/1000-இல் வைத்தேன், சுவருக்கு எஃப் 4 மட்டுமட்டாகப் போதும் என்கிற அளவுக்கு ஐஎஸ்ஓவைச் சரிசெய்தேன், பிறகு ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியபடி ஜூம் வளையத்தை மெல்லத் திருகினேன். வியூஃபைண்டரின் அடியில் 1000 என்று இருந்தது 800 ஆகி, 640 ஆகி, 500-இல் போய் நின்றது. வளையத்தைத் திருப்பினால் வந்த வழியே மேலே ஏறியது.

இதற்குப் பெயர் சேஃப்டி ஷிஃப்ட். சில பாடிகளில், கேமரா நடந்துகொள்ளும் விதத்தை நம் விருப்பப்படி மாற்றும் கஸ்டம் ஃபங்ஷன் பட்டியலுக்குள் இருக்கும். நாம் வைத்த ஷட்டருக்கு ஏற்ற வெளிச்சத்தை லென்ஸால் கொடுக்க முடியாமல் போனால், படம் இருண்டுவிடக் கூடாதே என்று கேமராவே ஷட்டரை இறக்கிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் விளக்கு மாறிக்கொண்டே இருக்கும்போது இது நல்ல ஏற்பாடு, முன்பு வைத்திருந்தவர் வேண்டுமென்றேதான் போட்டிருப்பார். ஆலாவுக்கு இது எமன். ஆட்டோ ஐஎஸ்ஓ இருந்திருந்தால் முதலில் ஐஎஸ்ஓ ஏறியிருக்கும், ஷட்டருக்கு வந்திருக்காது. நான் 800-இல் நிறுத்தியிருந்ததால் கேமராவுக்கு வேறு வழியில்லை. வாங்கியதுமே எல்லா செட்டிங்கையும் ரீசெட் செய்திருந்தேனே என்று பார்த்தால், இந்த மாதிரிப் பாடிகளில் கஸ்டம் ஃபங்ஷனுக்குத் தனி ரீசெட். பொது ரீசெட் அதைத் தொடவே தொடாது. பழைய கேமரா வாங்குகிறவர்கள் இரண்டையும் செய்துவிடுங்கள்.

அணைத்ததும் ஷட்டர் அசையவில்லை. பதிலுக்கு 300-இல் எஃப் 5.6 என்ற எண் கண் சிமிட்டுகிறது, படம் ஒரு ஸ்டாப் இருட்டாக வருகிறது. சென்சார் தகவல் அப்படியே இருக்கும் ரா ஃபைலில் வெளிச்சத்தைத் தூக்கிக்கொள்ளலாம், கலங்கிய இறக்கையை எதனாலும் தூக்க முடியாது. இப்போது அதிகாலையில் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓவை 3200 வரம்போடு போட்டுக்கொள்கிறேன்.

இதோடு முடிந்தது என்று பார்த்தால் இல்லை. ஷட்டரையும் அபெர்ச்சரையும் நாமே வைக்கும் மேனுவல் மோடில் அவ்வப்போது ஷட்டர் எண் தாவியது. மேனுவலில் கேமரா தானாக ஷட்டரை மாற்ற இரண்டு மூன்று காரணங்கள்தான் உண்டு. ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுக்கும் பிராக்கெட்டிங் போட்டிருந்தால் நடு, குறைவு, கூடுதல் என்று மூன்று மூன்றாக வரிசை திரும்பத் திரும்ப வரும். ஃபிளாஷ் எழும்பினால் 1/200 அல்லது 1/250-க்கு மேல் போக விடாது. செட்டிங்கைச் சேமித்து வைக்கும் கஸ்டம் மோடில் வைத்திருந்தால் அணைத்துப் போடும்போது பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். எனக்கு வந்தது இது எதுவும் இல்லை, ஒரு ஒழுங்கும் இல்லாமல் ஒரு படி மேலே, ஒரு படி கீழே.

ஒழுங்கே இல்லை என்றால் சந்தேகம் டயல் மேல்தான். முன் டயலின் வேலையையும் பின் டயலின் வேலையையும் மெனுவில் இடம் மாற்றி வைத்தேன். ஷட்டர் அசையாமல் நின்றது, அபெர்ச்சர் தாவத் தொடங்கியது. ஆக முன் டயலின் உள்ளே இருக்கும் காண்டாக்ட் அழுக்காகியிருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. ஷட்டர் பட்டனுக்கு வரும் விரல் லேசாக உரசினாலே ஒரு கிளிக் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. நண்பனிடம் சொன்னேன். "நான் அப்பவே உப்புன்னு சொன்னேன்லா" என்கிறான், லென்ஸைப் பற்றிச் சொன்னதை வசதியாக மறந்துவிட்டு.

டயலைக் கழற்ற மேல் மூடியைத் திறக்க வேண்டும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஃபிளாஷ் கப்பாசிட்டர் இருக்கும் இடத்தில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. இடம் மாற்றிய டயலை அப்படியே விட்டுவிட்டேன். பறவைக்கு லென்ஸை எப்போதும் முழுதாகத் திறந்துதான் வைக்கிறேன், 300-இல் அது ஒரு படி தாவினாலும் 5.6-இலிருந்து 6.3-க்குத்தான் போகும்.