சேர்க்கைப் படிவத்தில் இல்லாத கேள்வி

எலும்பு முறிவுக்கோ காய்ச்சலுக்கோ சேர்க்கப்படும் ஒருவரிடம், எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்பதை நம் பக்கத்து மருத்துவர்கள் பலர் இன்னும் தங்கள் வேலையாகக் கருதுவதில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து காலை ஒடித்துக்கொண்டு வந்து பாளையங்கோட்டைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் கிடந்த என் சித்தப்பா, மூன்றாம் நாள் இரவு, கை நடுங்க, போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கத் தொடங்கினார். பணியிலிருந்த இளம் மருத்துவர், "குடிகாரன் சேட்டைதான், கையக் கட்டிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சித்திக்கு அவமானத்தில் முகம் சுண்டிவிட்டது.

அது சேட்டையன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது, பெரும்பாலும் 48 முதல் 96 மணி நேரத்துக்குள் தலைகாட்டும், உயிரையே பறிக்கக்கூடிய பிதற்றல் நிலை அது. நரம்புகளை அமைதிப்படுத்தும் டயஸெபாம் வகை மருந்தை உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். மூளைப் பாதிப்பைத் தவிர்க்க, குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட வேண்டும். இரண்டுமே விலை குறைந்த மருந்துகள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குக் கிடைப்பது சில வாரங்களே என்பதால் மருத்துவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. (அந்த வசவை எந்தப் பாடத்திட்டத்தில் கற்றார்களோ!) உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய, குடிப்பழக்கத்தின் தீவிரத்தைக் கண்டறியும் 'ஆடிட்' வினாத்தாளில் 10 கேள்விகள்தாம் உள்ளன, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கேட்கப்படும் சேர்க்கைப் படிவத்தில் அவற்றையும் சேர்த்தால், செவிலியரே சில நிமிடங்களில் கேட்டுக் குறித்துவிடலாம்.