கோட்டுக்காரர் மறைத்த எழுத்து

மார்ச் 3

அப்பாவுக்கு டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று. வியாழக்கிழமைதான் சொல்வார்களாம். அப்பா தூங்குகிறார். நான் நண்பர் அனுப்பிய அந்தப் பழைய விமானப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 4

சரிவில் வயிறு உரசிக் கிடக்கிறது ஹைன்கல் 111, ஜெர்மன் குண்டுவீச்சு விமானம். மூக்கு வலப்பக்கம். வால் படத்துக்குள் வரவில்லை. இடமிருந்து பார்த்தால் முதலில் ‘ஏ’, அப்புறம் நீளக் கோட்டு போட்ட ஒருவர், அப்புறம் சிலுவைக்குறி, அதற்கு அப்பால் இருப்பதைக் கூட்டமும் இறக்கையும் மறைத்துவிட்டன. ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சிலுவைக்கு இடப்புறம் இருப்பது படையணியின் குறி, வலப்புறம் முதல் எழுத்து அந்த விமானத்துடையது, கடைசி எழுத்து உட்பிரிவு. அப்படியானால் கோட்டுக்காரர் மறைப்பது ‘1’ ஆகத்தான் இருக்க வேண்டும். ஏ1 என்றால் ஜெர்மன் குண்டுவீச்சுப் படையின் 53ஆம் அணி, அவர்களும் ஹைன்கல்தான் ஓட்டினார்கள். இதை அனுப்பிய நண்பர் அதைத்தான் சொல்கிறார். இது ஸ்காட்லாந்தின் ஹம்பி ஊர்ப்பக்கம் வீழ்ந்த விமானம் இல்லை, படத்தின் பின்பக்கம் ஹம்பி என்று எழுதியிருப்பது தப்பு, விட்டுவிடு என்கிறார்.

ஆனால் கோட்டுக்காரருடைய முழங்கைக்குக் கீழே எழுத்தின் அடிப்பகுதி துளி தெரிகிறது. வலப்பக்கம் வளைகிறது. ஒன்றுக்கு ஏது கொக்கி?

மார்ச் 5

அப்பா அரை டம்ளர் கஞ்சி குடித்தார்.

மார்ச் 5, இரவு

தூக்கம் வரவில்லை. 1939 அக்டோபர் 28, சனிக்கிழமை. ஹம்பி ஹைன்கல் வீழ்ந்த நாள். 12 நாள் முன்னால்தான் ஜெர்மன்காரர்கள் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் முகத்துவாரத்துக் கப்பல்களைத் தாக்க வந்திருந்தார்கள், அன்று வீழ்த்தப்பட்டவை கடலில் விழுந்தன. அதனால் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பெருநிலத்தில் வீழ்ந்த முதல் ஜெர்மன் விமானம் ஹம்பி ஹைன்கல்தான். கிளாஸ்கோவின் 602, எடின்பரோவின் 603, இரண்டு பிரிட்டிஷ் அணிகளின் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களும் துரத்திச் சுட்டன. அடிபட்ட விமானி லாமர்முயர் குன்றுகளில் எப்படியோ தரைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நால்வரில் இரண்டு பேர் உயிரோடு வந்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேரும் செத்துவிட்டார்கள். அந்த விமானத்தின் குறி 1எச்+ஜேஏ, 26ஆம் அணியின் தலைமைப் பிரிவு.

இவ்வளவு ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்களே, அவர்கள் பார்ப்பது அந்த இரண்டு பேர் இறந்த விமானம்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும். நண்பருக்கு ஏன் இது பெரிதாகப் படவில்லை என்று புரியவே இல்லை.

மார்ச் 6

இன்றும் சொல்லவில்லை. இன்னொரு டாக்டரும் பார்க்க வேண்டுமாம். இன்று வந்த டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், மூலையில் இருந்த எழுத்தைப் பார்த்தார், சட்டென்று பக்கம் மாற்றித் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவர் சொன்னது பாதி என் காதில் விழவில்லை. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார், நான்தான் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 7

திருப்பிப் போட்டிருக்கிறார்கள். யாரோ நெகட்டிவைப் பக்கம் மாற்றி வைத்து அச்சடித்திருக்கிறார்கள்! கோட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணி மேலே வரும், இவருக்கு வலப்பக்கத் துணி மேலே. பக்கத்தில் நிற்பவருக்கும் அப்படியே. அடுத்து மூக்கு. ஹைன்கல்லில் முன் துப்பாக்கிக் குமிழி நடுவில் இருக்காது, இடப்பக்கம் உட்காரும் விமானிக்கு மறைக்காமல் இருக்க வலப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். இதில் இடப்பக்கம் இருக்கிறது. வால் இருந்திருந்தால் ஸ்வஸ்திகாவே காட்டிக்கொடுத்திருக்கும். ‘ஏ’ கண்ணாடியிலும் ஏதான், சிலுவையும் அப்படித்தான், அதனால்தான் யாருக்கும் உறைக்கவில்லை.

கம்ப்யூட்டரில் திருப்பினேன். மூக்கு இடப்பக்கம் வந்தது. சிலுவை, கோட்டுக்காரர், ‘ஏ’ கடைசியில். முழங்கைக்குக் கீழே கொக்கி இப்போது இடப்பக்கம் வளைகிறது. ‘ஜே’.

சத்தம் போட்டுவிட்டேன். நர்ஸ் வந்து என்ன என்று கேட்டார்.

மார்ச் 8

நண்பருக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

சரிவையும் ஒப்பிட்டேன். ஹம்பி என்று உறுதியான மற்றப் படங்களில் நிலம் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கமே திருப்பிய இந்தப் படத்திலும் இறங்குகிறது. முன்பு இதே சரிவை வைத்துத்தான் இது ஹம்பி இல்லை என்று நானும் தலையாட்டினேன்.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இந்தாளு கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம்” என்றார்.

மார்ச் 9

பின்பக்கத்து எழுத்தில் கை வைக்கவில்லை. கீழே பென்சிலால் 1எச்+ஜேஏ, படம் பக்கம் மாறியது என்று மட்டும் எழுதினேன். ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பியும் வரட்டும் என்றார்களாம், அது ஏன் என்று